நிறுத்திய மாத்திரை

போடிநாயக்கனூர்,
12.6.2024

அன்புத் தம்பி பாண்டித்துரைக்கு அக்கா அருணா எழுதுவது. சோலையம்மாளும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் தோட்டத்தில் டவர் எடுப்பதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் எங்கள் லேபில் நீ கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட் இதோடு இருக்கிறது. கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்தாறு. ஜனவரியில் நூற்று நான்குக்கு இறங்கியிருந்தது. ஊசி குத்தும்போது, "தினமும் மாத்திரை போடுறேன்க்கா" என்றாய். போடுகிறவனுக்கு இப்படி ஏறாது தம்பி. நம் மொக்கச்சாமி அண்ணன் நாற்பத்தாறு வயதில், குரங்கணிப் பாதையில், ஜீப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததை மறந்துவிட்டாயா? இன்றைக்கே மாத்திரையைப் போடு.

உன் அக்கா,
அருணா

*

குரங்கணி மேல்தோட்டம்,
19.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ கண்டுபிடித்தது சரிதான். மார்ச்சிலேயே நிறுத்திவிட்டேன். உன்னிடம் பொய் சொன்னது தப்பு.

மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது தொடை இரண்டும் கடுத்து, ஏலச்செடிச் சரிவில் ஏற முடியாமல் போனது. காய் எடுக்கிற பெண்கள் மேலே நிற்க, கங்காணி நான் பாதியில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். "அதெல்லாம் வயசு. மாத்திரைய நிறுத்தாத" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த மாத்திரையே ஏமாற்று என்று ஒருத்தன் பேசுவதை ஜீப்பில் போனில் காட்டினார்கள். அதையும் நான் முழுசாக நம்பவில்லை. நிறுத்தினதும் வலி பாதி குறைந்தது, மீதி இருக்கிறது. எந்நேரமும் அசதி. வெயிலிலும் ஸ்வெட்டர் கேட்கிறது.

எதனால் வலிக்கிறது என்று யாரைக் கேட்பது? உன்னைக் கேட்டால் அண்ணனைச் சொல்லி வாயை அடைக்கிறாய். நான் அண்ணன் இல்லைக்கா.

பாண்டித்துரை

*

போடிநாயக்கனூர்,
1.7.2024

தம்பிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அது கோபம் இல்லை என்று தெரிந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் அவர் ரத்தத்தையும் நான்தான் பார்த்தேன். எண்கள் அவ்வளவும் மோசம். "டாக்டர்ட்ட காட்டுங்கண்ணே" என்று ரிசல்ட் கவரைக் கையில் கொடுத்ததோடு சரி. காட்டினாரா என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்காததையெல்லாம் இன்றைக்கு உன்னிடம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இந்த அசதியும் குளிரும் வேற எதுவோ சொல்லுது. தைராய்டு பாத்தீங்களா?" என்றார். தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் கொழுப்பும் ஏறுமாம். அப்போது அந்த மாத்திரை போட்டால் சதைவலி வருவதும் அதிகமாம். சனிக்கிழமை இறங்கி வா. ரத்தம் நானே எடுக்கிறேன்.

அருணா

*

குரங்கணி மேல்தோட்டம்,
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தைராய்டு மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. நேற்று உச்சிவரைக்கும் நிற்காமல் ஏறினேன். டாக்டரம்மா சொன்னபடி, கொழுப்பு மாத்திரையையும் போன மாதம் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். வலி இல்லை. "கேள்வி கேட்டது சரி, யார்ட்டயும் சொல்லாம நிறுத்துனதுதான் தப்பு" என்று அவர் சொன்னதைச் சோலையம்மாள் தினமும் எனக்கு ஒப்பிக்கிறாள்.

அண்ணன் விஷயம். அந்தக் கவரை அவர் பிரித்துப் படித்தார் அக்கா. "காய் எடுப்பு முடியட்டும், போய்க்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறாயே, உன் ரத்தத்தை எப்போது பார்த்தாய்?

பாண்டித்துரை

*

போடிநாயக்கனூர்,
21.10.2024

தம்பிக்கு,

பார்த்ததே இல்லை. உன் கடிதம் வந்த மறுநாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய், கூட வேலை பார்க்கும் சுஜிதாவிடம் கையை நீட்டினேன். கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எத்தனையோ பேருக்கு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் பெயருக்கு நேரே இருந்ததை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன். அவரிடம் என்ன கேட்பதென்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அன்றைக்கு முதல் ஜீப்பில் இறங்கி வர்றியா?

அருணா