புழுக்கையாப் போடுதா?

மச்சான்,

குமராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டு இப்போதுதான் கடலூர் வந்து சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது குப்பென்று அடித்தது. அடிப்பள்ளங்களிலெல்லாம் மழையில் ஊறிய ஆட்டுப் புழுக்கை அப்பிக் கிடக்கிறது. மினி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் வழியெல்லாம் ஏன் என்னை முறைத்துக்கொண்டே வந்தார் என்று இப்போது தெரிகிறது. கழுவ வேண்டும். எழுந்திருக்கத் தெம்பில்லை. ஒரு மாதத்துக்குள் இது ஐந்தாவது பள்ளி. எல்லா இடத்திலும் நம் புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

நாளைக்கு எங்கள் பங்கில் கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கியாகிவிட்டது. உன்னை எரித்துவிட்டார்கள். உனக்கென்று போய் நிற்க ஓர் இடம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கீரப்பாளையத்தில் நான் ஓவிய வாத்தியார். நீ மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். கால்நடை நோய்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச உன்னை அனுப்பியிருந்தார்கள். நீ புழுக்கை என்று சொன்னதுமே வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. அதை ஒரு படமாகப் போடும்படி என்னைக் கேட்டாய். துறைமுகத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். மீனைத் தலைகீழாகக் கூட வரைவேன், ஆட்டைக் கறிக்கடையில்தான் பார்த்திருக்கிறேன். நாய் போடுவதுபோல் ஒரு குமியலை அழகாக நிழல் தீட்டி வரைந்தேன். நீ இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"சார், ஆடு இப்படிக் குமிச்சுப் போட்டா, அன்னிக்கி எனக்கு வேல வந்துடுச்சின்னு அர்த்தம்."

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள், இந்த முறை என்னைப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பிறகு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நல்ல ஆடு உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் போடும். ஆட்டை யார் ஓட்டிக்கொண்டு வந்தாலும் நீ முதலில் கேட்பது ஒன்றுதானாம்: "புழுக்கையாப் போடுதா?" அந்தப் பதிலிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும் என்றாய்.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் டீ குடிக்கும்போதே புத்தகம் பிறந்துவிட்டது. சாரில் ஆரம்பித்து மச்சானில் வந்து நின்றதும் அந்த டீக்கடையில்தான். காட்டு மிருகங்களும் வீட்டு மிருகங்களும் தாங்கள் போட்டதைச் சோதனைக்கு மடித்த ஆளுக்கொரு இலைப் பொட்டலத்தோடு மாட்டாஸ்பத்திரியில் வரிசையில் நிற்கின்றன. தள்ளுமுள்ளில் பொட்டலங்கள் மாறிவிடுகின்றன. கதை அவ்வளவுதான். மாட்டுக்குச் சாணம், யானைக்கு லத்தி, கழுதைக்கு விட்டை, காக்கைக்கு எச்சம், ஆட்டுக்கும் எலிக்கும் புழுக்கை என்று நீ சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். யானையின் பொட்டலத்தைப் பிரித்த டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யானையாரே, உம்முடைய லத்தி எங்கே? இது எலிப் புழுக்கையாயிற்றே" என்பார். அந்தப் பக்கத்தை வரைந்து காட்டியபோது நீ டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டாய்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் உனக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். பதிப்பாளர் எனக்குத்தான் போன் செய்தார். இந்தச் சொற்களைப் பார்த்தால் பள்ளிகளில் முகம் சுளிப்பார்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கழிவு என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். சரி என்றேன். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயர் போட்டு வரும் முதல் புத்தகம் கைநழுவிவிடுமோ என்று பயந்தேன்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் வந்தது. அச்சில் இருப்பது இதுதான்: "யானையாரே, உம்முடைய கழிவு எங்கே? இது எலிக் கழிவாயிற்றே." ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நான் தும்பிக்கைபோல் கையைத் தூக்கிப் பிளிறிக் காட்டினேன். பாவம் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் விடவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே பேர்னா, பொட்டலம் மாறுனது எப்புடி சார் தெரியும்?"

தலைமையாசிரியை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உன் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். லத்திக்கே கூரை அதிர்ந்தது. விட்டை வந்தபோது தலைமையாசிரியையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, மச்சான்.

மணி அடித்த பிறகு அதே பெண் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க குட்டி ரெண்டு நாளா புழுக்கையாப் போடல சார். கூழாட்டம் போவுது" என்றாள். தலைமையாசிரியை அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். குட்டி பிழைத்ததா தெரியவில்லை. அச்சில் உள்ள வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் இதைச் சொல்லியிருக்கவே முடியாது என்பதை நினைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அங்கிருந்தே பதிப்பாளரைக் கூப்பிட்டேன். இரண்டாம் பதிப்பில் பழைய சொற்களைப் போட்டாக வேண்டும் என்றேன். நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, இப்போது எதற்கு சார் என்றார். நான் கத்தினேன். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். மழையில் நின்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

முதல் பிரதியை உன் வீட்டுக்கு எடுத்து வந்த நாளைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. உன் மனைவி டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ படுத்தபடியே வரி வரியாக விரல் வைத்துப் படித்தாய். யானைப் பக்கத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிவரை புரட்டிவிட்டு மூடினாய்.

"படம்லாம் ஜோரா இருக்கு மச்சான். ஆடு, மாடு, யான எல்லாம்தான் ஒன்னாயிடுச்சி."

நீ வீங்கிய கையால் என் முழங்காலைத் தட்டினாய்.

"சரி வுடு. நீ அவுங்ககிட்ட எவ்ளோ சண்ட போட்டிருப்பன்னு எனக்குத் தெரியாதா?"

அறையில் நாம் இருவர்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், அப்புறம் சிரித்திருப்பாய். அந்த மாதமே நீ போய்விடுவாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று சத்தியம் பண்ண மாட்டேன். புத்தகத்தில் சொற்களை என்றைக்காவது மாற்றிவிடலாம். ஆனால் அன்று நீ அப்படிக் கேட்டதும், நான் ஆமாம் என்று தலையாட்டினேன், மச்சான்.