பச்சை வண்டியின் இடது கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

இது அப்பாவின் கடிதம், எழுதும் கை மட்டும் என்னுடையது. அப்பாவின் வலது கட்டைவிரலில் தையல் போட்டிருப்பதால் பேனா பிடிக்க முடியவில்லை (பயப்படாதே, தொழிற்சாலையில் உடைந்த பாட்டில் கீறியதுதான், ஆறிக்கொண்டு வருகிறது). போனில் பேசினால் நீங்கள் இருவரும் காரில் தொடங்கி வேறெங்கோ போய்ச் சண்டையில் முடிப்பீர்கள் என்று அம்மா சொன்னதாலும், சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகும்போது கையில் வைத்துக்கொள்ள எழுத்தில் வேண்டும் என்று நீயே கேட்டதாலும், அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொன்னதை மட்டுமல்ல, சொல்லும்போது இங்கே நடப்பதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன். இதை அப்பாவிடமும் முன்கூட்டியே அறிவித்துவிட்டேன். "வாயத் தொறந்தாலே பதிவாயிடும் போலருக்கே. சரி, ஆரம்பி குமாஸ்தா" என்றார். இன்று முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான்.

அன்பு மகளுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது, இங்கே ஒரு விரலைத் தவிர எல்லோரும் நலம், அங்கே உன் இருமலைத் தவிர மற்றதெல்லாம் நலம்தானே, என்று முதலில் எழுதச் சொன்னார். போன தடவை பேசும்போது நீ போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமியது அவருக்குக் கேட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே, டாக்டரிடம் போய்க் காட்டு, இணையத்தில் தேடிப் படித்துவிட்டு நீயே மருந்து வாங்கிக்கொள்ளாதே என்கிறார். அம்மாவுக்கு ஒரு நாடக அரங்கின் திரைச்சீலை தைக்கும் வேலை வந்திருக்கிறது, கூடம் முழுக்கச் சிவப்புத் துணி, நாங்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறோம். சித்தப்பா மீசையை எடுத்துவிட்டார், சித்தி அதைக் கவனிக்கவே இல்லை என்று கோபித்துக்கொண்டு இப்போது மறுபடி வளர்க்கிறார். எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நன்றாகவே எழுதியிருக்கிறேன் (இதை அப்பா சொல்லவில்லை, நானே சேர்த்தது).

இனி காருக்கு வருகிறேன். நீ அனுப்பிய பச்சைக் காரின் படங்களைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். தொழிற்சாலையில் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வந்தாரே, அந்த வளைகழுத்து விளக்கு, அதுவும் மேசைக்கு வந்துவிட்டது. அதன் வெள்ளை வெளிச்சத்தில் படங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, தொழிற்சாலையில் குறை பார்க்கப் பாட்டிலைத் திருப்புவது போலவே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கூரையை மடித்துவிடலாம், இரண்டே இருக்கை, அவளைவிட வயதான வண்டி, என்ன பைத்தியம் இது என்று அம்மா தையல் மெஷினில் இருந்தபடியே கேட்டாள். அவள் உதடுகளுக்கிடையே குண்டூசிகள் இருந்தன, இருந்தும் ஒரு சொல்கூடத் தப்பாமல் எங்களுக்குப் புரிந்தது. "அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கா. ஆனா ஒண்ணு, அவ வாங்கவாவது போறா. நீங்க எத்தன வண்டி பாத்தீங்க? வண்டி பாக்கப் போனீங்களா, கொற பாக்கப் போனீங்களா?" எழுதிக்கொள் என்று அப்பா எனக்குக் கையைக் காட்டினார்.

வண்டியைப் பகலில், மழை இல்லாத நாளில் பார்க்க வேண்டும், நனைந்த வண்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். போவதற்கு முன் எஞ்சினை இயக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி வை, போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டின்மேல் கையை வை. சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுப்பதை உனக்குக் காட்டக் கூடாது என்று விற்பவர் நினைத்திருக்கிறார், அன்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிடு, இன்னொரு நாள் போ. பிறகு வண்டியின் பின்மூலையில் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டுத் தகட்டை முன்னோக்கி நீளவாக்கில் பார். தெருவிளக்குக் கம்பமோ மரமோ அதில் பிம்பமாகத் தெரியும், அது வளையாமல் ஓட வேண்டும், நெளிந்தால் அந்த இடத்தில் ஒடுக்கை மறைக்கப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ, இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் விழுந்துவிடும். ஆனால் சில பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் உடம்பே இரும்பு இல்லை, அதை முதலில் கேட்டுக்கொள், இல்லாவிட்டால் காந்தம் எங்குமே ஒட்டவில்லை என்று அவரோடு மல்லுக்கு நிற்பாய். இருக்கைக்குக் கீழே விரிப்பைத் தூக்கிப் பார், தூக்கக் கூடாது என்று சொன்னால் கட்டாயம் தூக்கிப் பார். கதவுக்கு அடியில் ஓடும் சட்டம், சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கியில் மாற்றுச் சக்கரம் படுத்திருக்கும் குழி, இங்கேதான் தண்ணீர் நிற்கும், இங்கேதான் துரு குடியிருக்கும். கூரை இல்லாத வண்டிக்கு அந்த அடிச்சட்டம்தான் முதுகெலும்பு, அது உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்து கதவின் இடைவெளி மேலே நெருங்கிவிடும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காகிதத்தில் இருப்பதோடு சரியாக இருக்கிறதா என்று நீயே படித்துப் பார், அவர் படிக்க நீ தலையாட்டாதே. ஆயில் ஊற்றும் மூடியைத் திற, அடியில் வெண்ணெய் போல ஏதாவது அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், யாராவது தெரிந்தவரிடம் காட்டாமல் மேலே பேசாதே. எஞ்சின் கிளம்பும்போது யாரையாவது பின்னால் நிற்கச் சொல், நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. டயரில் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதே, ஓடாமலே நின்ற வண்டியின் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், தொட்டால் வெடிப்பு தெரியும். தனியாகப் போகாதே, உன்னோடு வேலை செய்யும் யாரையாவது கூட்டிக்கொண்டு போ, அன்றே முன்பணம் கொடுக்காதே.

அக்கா, இதையெல்லாம் அப்பா மடமடவென்று சொன்னார், என் கை வலித்தது. பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார். ஒரு படத்தை விளக்குக்கு மிக அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகில் கொண்டுபோனார். நானும் எட்டிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கார் மிக அழகாக இருந்தது. அப்பா விரலால் காட்டிய பிறகுதான் தெரிந்தது. இடது கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் கோடு கீழே அகலமாகவும் மேலே வர வரக் குறுகலாகவும் இருக்கிறது. மெஷின் நின்றது. "கண்டுபுடிச்சாச்சா?" என்று அம்மா கேட்டாள், கோபமாக இல்லை, களைப்பாக. "இனிமே என்ன, எறங்கச் சொல்லிடுங்க அவள."

அந்தச் சொல்லை நீயும் மறந்திருக்கமாட்டாய். பல் டாக்டர் வீட்டு ஷெட்டில் நின்ற மஞ்சள் வண்டியைப் பார்க்க நீயும் அப்பாவும் போனபோது நானும் வந்திருந்தேன், சின்னவளாக இருந்தாலும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ போனதும் போகாததுமாக உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியை உன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டாய். அப்பா கீழே படுத்துக்கொண்டு காந்தத்தை வைத்துப் பார்த்தார், அது விழுந்தது, மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பல் டாக்டர் பக்கத்திலேயே நிற்க, "எறங்கு" என்றார். நீ கண்ணாடியை முன்பு இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு இறங்கினாய். அதற்குப் பிறகு நீ எதையும் அப்பாவிடம் காட்டிக் கேட்டதில்லை, இந்த வேலை கிடைத்ததைக்கூடப் பயணச்சீட்டு எடுத்த பிறகுதான் சொன்னாய். இப்போது இத்தனை காலம் கழித்துப் படம் அனுப்பி, கடைசியில், நீங்கள் வேண்டாம் என்றால் வாங்கமாட்டேன் அப்பா, என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அப்பா என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம். அந்த மஞ்சள் வண்டியைப் பிறகு நம் ஊர் பேக்கரிக்காரர் வாங்கி, உளுத்த சட்டத்தை வெட்டி எடுத்து வேறு வைத்து வெல்டிங் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்ததுதான், அப்பா பஸ்ஸுக்கு நிற்கும்போது அது அவரைத் தாண்டிப் போகும். போன மாதம் ஒரு நாள் பஸ் வரவில்லை, பேக்கரிக்காரர் வண்டியை நிறுத்தி, "சார், ஏறுங்க, எங்க போறீங்க?" என்று கேட்டிருக்கிறார், அப்பா ஏறிவிட்டார்! "கதவு இன்னும் சரியா மூடல தெரியுமா. ஒரு கையால இழுத்துப் புடிச்சுக்கிட்டே போனேன். மடி பூரா பன்னு பொட்டி. காத்துல தொப்பி பறந்துபோச்சு, அந்த ஆளு வண்டிய நிறுத்தி ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம் பாரு, அப்படி ஒரு சிரிப்பு" என்று சொல்லும்போதே அப்பா சிரித்தார், அம்மாவும் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அப்பாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. "நான் சொன்னது சரிதான். சட்டம் உளுத்துத்தான் இருந்துச்சு. ஆனா அவ உக்காந்து போயிருக்க வேண்டிய வண்டி அது. தொழிற்சாலையில நல்ல பாட்டில நான் கையில எடுத்ததே இல்ல குமாஸ்தா. பெல்ட்டுல அது பாட்டுக்குப் போயிடும். கையில எடுத்ததெல்லாம் கீறலும் குமிழும்தான். வண்டியையும் அப்படித்தான் பாத்தேன். கொற தெரிஞ்ச பெறகு ஓட்டிப் பாக்கறது எதுக்குன்னு, ஒரு வண்டியக்கூட ஓட்டிப் பாக்காமயே வந்துட்டேன்" என்றார். இதை எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எழுது. உண்மையா எழுதறேன்னு சொன்னல்ல" என்றார்.

ஆகவே இடது கதவைப் பற்றி அவர் சொல்வது இதுதான். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிக் கீழே விடு. ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அது பெரிய வேலை இல்லை. ஆடவில்லை என்றால் அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும், வண்டியை மேலே ஏற்றி அடியில் விளக்கு அடித்துப் பார்க்கும் ஒருவரிடம் காட்டாமல் முடிவு செய்யாதே, அவர் என்ன செலவாகும் என்று சொல்வார், தாங்குமா தாங்காதா என்பது உன் கணக்கு. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சரியில்லை என்று அவர் சொன்னால் மட்டும் அந்த வண்டியில் காலை வைக்காதே, அதில் அப்பா பிடிவாதமாகவே இருக்கிறார். எல்லாம் சரி என்றால் ஓட்டிப் பார். இரண்டாவது கியரில் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொள், கேட்ட பிறகு கொஞ்ச தூரம் எதையும் கேட்காமல் ஓட்டு. கண்ணாடியை உன் உயரத்துக்குத் திருப்பிக்கொள். "வேணாம்னு நான் சொல்லமாட்டேன். வேணும்னும் சொல்லமாட்டேன். ஓட்டிப் பாத்துட்டு அவளே எனக்குச் சொல்லட்டும்" என்றார். "இத மஞ்சள் வண்டிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா. "சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கூரையை மடித்து ஓட்டினால் காதை மூடிக்கொள், அதற்கென்றே தைத்த சிவப்புத் துணித் தலைக்குட்டை ஒன்று அம்மாவிடம் தயாராக இருக்கிறது (அரங்கத் திரையில் மிஞ்சிய துணி, யாரிடமும் சொல்லாதே). நீ எந்த வண்டியில் போனாலும் போன இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், மனம் நிறைந்து திரும்ப வேண்டும், அதுவே எங்கள் ஆசி. பச்சையோ வேறெதுவோ, ஓட்டிய அன்றே போன் செய், சண்டை போடமாட்டேன் என்று அப்பா சொல்கிறார். இரவு எத்தனை மணியானாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மா

பின்குறிப்பு: மேலே கோணலாக இருப்பது அப்பா இடது கையால் போட்ட கையெழுத்து, அழுக்கு என்று நினைத்துவிடாதே. கடிதத்தைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன், அசல் தபாலில் பின்னால் வரும். நான் எழுதும் எதையும் அப்பா விளக்கின் கீழே வைத்து வரிவரியாகப் பார்த்துப் பிழைகளைச் சுழித்துக் கொடுப்பார் என்பது உனக்குத் தெரியுமே, இதையும் அப்படியே அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் காகிதத்தைத் தொடவில்லை. "இருக்கட்டும். அப்படியே அனுப்பு" என்று சொல்லிவிட்டு, வளைகழுத்து விளக்கை அணைத்துவிட்டார்.