கூட்டாளிக்கு ஒரு கதிரை

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

உமது உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையில், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த உமது மச்சாள் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஒண்டாப் படிச்சனாங்கள்" என்றேன். உமது ஊர் மன்னாரில் ஒரே பள்ளிக்கூடம் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். நான் யாழ்ப்பாணத்தாள் என்றோ, நாங்கள் சேர்ந்து படித்தபோது இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது என்றோ சொல்ல அங்கே இடமில்லை. பின்வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

இன்று காலை குளிருடுப்புகளைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும்போது, அயர்லாந்தில் வாங்கிய சாம்பல்நிறச் சுவெற்றர் கையில் வந்தது. கம்பளி என்று தோய்க்காமல் வெயிலில் போட்டே எடுத்து வைத்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, கழுத்துப் பட்டைக்குள் அந்தப் புகைமணம் இன்னும் இருக்கிறது. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல்போல வெட்டி, காயவைத்து, அடுப்பில் எரிப்பார்களே, அந்த மணம். பெட்டியை மூடாமல் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். உம்மோடு கதைக்கவேண்டும்போல் இருந்தது.

நாம் சந்தித்தது இங்கே மொன்றியலில், பிரெஞ்சு வகுப்பில். நான் ஊரில் கணக்குப் படிப்பித்தவள், நீர் இங்கிலிஷ் படிப்பித்தவர். வந்த நாட்டில் இருவரும் மாணவிகளாகிப் பின்வரிசை வாங்கில் இருந்தோம். ஆசிரியை கேள்வி கேட்க எழும்பினால், படிப்பித்த காலத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் செய்ததைப்போலவே நாமும் குனிந்து பேனையைத் தேடினோம்.

ஓய்வுபெற்ற பிறகு, உமது பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையில் அந்தக் கோடைப் படிப்பைப் பற்றிக் கண்டுவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தீர். பெரியவர்களுக்கான படிப்பு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள வீடுகளில் தங்கி, அவர்களுடைய மொழி, பாட்டு, ஆட்டம் எல்லாம் பழகலாம். மன்னாரில் உமக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரி ஒருவர் அந்த நாட்டுக்காரர். வெயில் தாங்காமல் எப்போதும் தன் ஊர் மழையைப் பற்றியே சொல்லுவாராம்.

"அந்த மழையில ஒருக்கா நனைஞ்சு பாக்கவேணும். நீரும் வாரும். தனியப் போனால் நான் ஆரோட சிரிக்கிறது?" என்றீர்.

முதல்நாள் வகுப்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஒருவர் வணக்கம் சொன்னால், கடவுள் உம்மோடு இருக்கட்டும் என்று பொருள். பதில் சொல்பவர் மாதாவையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். சைவக்காரி நான் தயங்கியதைப் பார்த்து, "பிள்ளையாரையும் சேத்துச் சொல்லும், அவை கோவிக்க மாட்டினம்" என்றீர். அன்றிலிருந்து நான் மனதுக்குள் அப்படித்தான் சொன்னேன். மாலையில் ஊர் மண்டபத்தில் ஆட்டம். முழங்கால் நோ என்று மொன்றியலில் படியேற மறுத்த நீர், பக்கத்துத் தோட்டக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினீர்.

ஒருநாள் வகுப்பு நடக்கவில்லை. ஊரில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி எங்களையும் வரச் சொன்னார். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று நான் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. எல்லாரும்தானே போகிறார்கள் என்றார்.

செத்த வீட்டு முன்னறையில் சவப்பெட்டியை வைத்து, பக்கத்தில் குடும்பத்தார் இருப்பதற்குக் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மகள், மகன்மார், அவர்களை அடுத்துத் தொப்பியை மடியில் வைத்தபடி ஒரு கிழவர். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனார்கள். கிழவருக்கும் அதே வசனம். நான் அவரை இறந்தவரின் தம்பி என்று நினைத்தேன். உறவே இல்லை என்றார் வீட்டுக்காரப் பெண்மணி. கூட்டாளி, சிநேகிதர். தினமும் காலையில் இருவரும் கடலோர மதிலடியில் நின்று, மழை வருமா என்று பார்ப்பார்களாம். அவ்வளவுதான்.

தேநீரும் கேக்கும் தட்டுத் தட்டாக வந்தன. செத்த வீட்டில் வாய் நனைக்காமல் வளர்ந்தவள் நான். ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டாம் என்றேன். "நான் வேதக்காரி, உம்மடையையும் நானே குடிக்கிறன்" என்று காதுக்குள் சொல்லிவிட்டு நீர் எனக்கு நீட்டிய கோப்பையையும் எடுத்துக்கொண்டீர். போகும்போது, செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்ற பழக்கத்தில் இருவரும் ஓசைப்படாமல் எழுந்து வந்துவிட்டோம். படலையைத் தாண்டுமுன் இறந்தவரின் மகள் பின்னால் ஓடிவந்தாள். சொல்லாமல் போகிறோமே, யாராவது மனம் நோகும்படி நடந்துவிட்டார்களா என்று பதறினாள். நீர் எங்கள் வழக்கத்தை விளக்கினீர். அழுத கண்ணோடு அவள் சிரித்தாள். அது நல்ல வழக்கம்தான், தங்கள் ஊரில் விடைபெறவே ஒரு மணித்தியாலம் ஆகும் என்றாள்.

திரும்பி நடக்கும்போது கோடை வெளிச்சம் இன்னும் போகவில்லை. நீர்தான் பேச்சைத் தொடங்கினீர்.

"பாத்தீரே, கூட்டாளிக்கும் ஒரு கதிரை போட்டிருக்கினம். எங்கட ஆக்கள் எண்டால் அந்தாளைப் பந்தலுக்குள்ள, பேப்பர் பாக்கிறவையோட இருத்தியிருப்பினம்."

"ஓம்" என்றேன்.

"நான் முந்திப் போனால் உமக்கு ஒரு கதிரை போடச் சொல்லி மகனிட்டச் சொல்லி வைக்கிறன்."

"விசர்க்கதை கதையாதையும்" என்று நான் பேச்சை மாற்றினேன். நீர் சொல்லி வைத்திருக்க மாட்டீர். நானும் நினைவூட்டவில்லை. இதை யார் யாருக்கு நினைவூட்டுவது?

உமது நோய் முற்றியதும் மகன் உம்மைத் தன் வீடிருக்கும் இல்-பிசார் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து அங்கே வருவதென்றால் மெற்றோ, பிறகு எப்போதாவது வரும் பஸ். அதனால் தொலைபேசிதான் மிஞ்சியது. காலையில் மணி அடிக்கும். "இண்டைக்கு மைனஸ் எத்தினை? தொப்பி போட்டுக்கொண்டு போம்." வேறொன்றும் பெரிதாகக் கதைத்ததில்லை. இப்போது யன்னலடியில் நின்று நானே பார்த்துக்கொள்கிறேன். குளிர் எவ்வளவு என்று தெரிகிறது. அதை யாருக்கும் சொல்லவேண்டிய தேவை இல்லை. சில நாட்களில் மாலைவரை என் குரலை நானே கேட்பதில்லை.

வகுப்பில் நான் எதையும் உதாரணம் சொல்லித்தான் விளக்குவேன். ஒரு பிள்ளை பள்ளியை விட்டு விலகினால், வரவு பதியும் இடாப்பில் அந்தப் பெயரைக் கோடு கீறி வெட்டுவோம். தாய் தகப்பன் வந்து கையெழுத்து வைப்பார்கள். ஆனால் அதே வாங்கில் பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பற்றி இடாப்பில் எழுத ஒரு கட்டமும் கிடையாது. அந்தப் பிள்ளை அடுத்த நாளும் வரும், கணக்கைச் செய்யும், பக்கத்து இடத்தில் புத்தகப் பையை வைத்துக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் உமது மகன் வீட்டுக்குப் போனார்கள். அது முறையும்தான். என் கதவை ஒருவரும் தட்டவில்லை.

போன மாதம் சென்ட் லோரன்டில் எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் இறந்தார். பார்வைக்குப் போயிருந்தேன். குடும்பத்தாருக்குக் கைகொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கதவோரமாகக் கோட்டைக் கழற்றாமல் ஒருவர் நிற்பதைக் கண்டேன். வருகிறவர்களுக்கு வழி விட்டு விட்டு, சுவரோடு ஒட்டிப்போயிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். இறந்தவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவராம். நான் போய் அவருடைய கையைப் பிடித்தேன்.

"நான் சொந்தமில்லையக்கா" என்று அவசரமாகச் சொன்னார்.

"தெரியும். அதுதான் வந்தனான்."

இருவரும் அங்கிருந்த வாங்கில் இருந்தோம். இறந்தவர் மத்தியானச் சாப்பாட்டில் எப்போதும் மீனின் நடுத்துண்டை இவருக்குத் தள்ளிவிடுவார் என்றார். பஸ்ஸில் இவருடைய தோளில் சாய்ந்து நித்திரை கொள்ளுவார் என்றார். சொல்லச் சொல்ல அழுதார். உம்மைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆனால் நீர் போன பிறகு எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது அன்றைக்குத்தான்.

இதை நீர் வாசிக்கப் போவதில்லை. வாசிக்கிறவர்களுக்கு, வகுப்பு முடிவில் வீட்டுவேலை கொடுக்கும் பழக்கத்தில், ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அடுத்த முறை ஒரு செத்த வீட்டுக்குப் போனால், குடும்பத்தாருக்குக் கைகொடுத்த பிறகு, இறந்தவரின் கூட்டாளி யார் என்று ஒருவரிடம் கேளுங்கள். அவருக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.