சுந்தரம்மாவுக்கு வசனமில்லை

பெப்ரவரி 3, திங்கள்

ஜீவராஜ் சேர் இன்று நான் மருந்து கொடுக்கிற பாமசிக்கு வந்தார். நான் வழக்கம்போல பெனடோல் கார்ட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். சிரித்தார். "தலவலி இல்ல மார்ஜரி. ஒரு உதவி கேக்க வந்தேன்."

சேர் இரத்தோட்டைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், வீடும் அங்கேதான். மாதம் ஒருமுறை எங்கள் சர்ச் மண்டபத்தில் படம் போடுவார். இந்தத் தடவை ஊமைப் படமாம். நூறு வருஷம் பழையது. ஏதோ பனி பெய்கிற நாட்டில், ஒரு கிராமத்துக் காதல் கதை. அந்தக் காலத்தில் படம் ஓடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம், இன்னொருவர் வாசிப்பாராம். கதையை அவரே சொல்லப் போகிறார். வாசிக்க நான்.

"பூசைக்குக் கீபோர்ட் வாசிக்கிறவள விட்டா மாத்தளையில ஆளே இல்லையா சேர்?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. எனக்கு நீங்கதான் வேணும்."

வாசிக்கத்தான். எனக்குத் தெரியும், வாசிக்கத்தான். இருந்தாலும் கடை மூடும் வரைக்கும் அந்த ஒரு வரியையே மென்றுகொண்டிருந்தேன். நாற்பத்தொரு வயதில் இது தேவையா?

போகும்போது வாசலில் நின்று மற்றதையும் சொன்னார். மாலைத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம். மார்ச் கடைசியில் பயணம்.

"நல்லது சேர்" என்றேன். நல்லதாம்! என் வாயில கொள்ளிய வைக்க.

பெப்ரவரி 8, சனி

மண்டபத்தில் முதல் ஒத்திகை. சேருடைய லெப்டொப்பில் படத்தைப் பார்த்தோம்.

ஒரு பண்ணை. அங்கே வேலை செய்கிற மீசைக்காரப் பையனும் முதலாளியின் மகளும். அப்பன்காரன் அவளை மாவு மில் வைத்திருக்கிறவனுக்குப் பேசிவிடுகிறான். பையன் கப்பலேறிப் போகிறான். வருஷங்கள் கழித்துத் தாடியோடு வரும்போது அவள் மில்காரனின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். தூரத்திலிருந்தே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. தும்மல் மாதிரிக் காட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரப் பெயர் நம் சனத்தின் வாயில் நுழையாது என்று சேர் அவர்களுக்கு இராமசாமி, சுந்தரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார். தொப்பியும் பூட்ஸும் போட்ட இராமசாமி! சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

ஒன்றுதான் பிடிக்கவில்லை. இராமசாமிக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறார். சுந்தரம்மாவுக்கு ஒரு சொல் கிடையாது.

"ஏன் சேர், அவளும் வாயத் தொறக்குறாளே?"

"அவளுக்கு வசனம் வேணாம்னு பாக்குறேன். நீங்க வாசிக்கிறதுதான் அவ பேச்சு."

சொல்வதற்கு அழகாகத்தான் இருக்கிறது. வாயில்லாப் பூச்சியாக நிற்கிறவளுக்கல்லவா தெரியும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நற்கருணை நேரத்தில் கை தானாகச் சுந்தரம்மாவின் மெட்டுக்குப் போய்விட்டது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார்.

பெப்ரவரி 15, சனி

பிரிகிற காட்சியை இன்று திரும்பத் திரும்பச் செய்தோம். பண்ணை வாசல் படலைக்கு வெளியே இராமசாமி, உள்ளே சுந்தரம்மா. சேர் தாளைப் பார்க்காமலே சொன்னார்: "நான் போறேன் சுந்தரம்மா. இங்க இருந்தா ஒவ்வொரு நாளும் ஒன்னப் பாக்கணும். பாத்துக்கிட்டுப் பேசாம இருக்கணும். அது என்னால முடியாது."

என்னாலும் முடியவில்லை. மூன்று வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். கட்டை விரல் தப்பான கட்டையில் விழுந்தது. "களைப்பா?" என்றார். ஆமாம், களைப்பு.

வீட்டுக்கு வந்தால் கெத்தரின் — தம்பி லோரன்ஸின் பெண்சாதி — முகத்தைப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டாள்.

"அக்கா, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி? மனுசன் போறதுக்குள்ள சொல்லிடுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"நான் சொல்லித் தரணுமாக்கும்!"

லோரன்ஸ் பஸ் டிப்போவில் வேலை முடிந்து வந்ததும் பேச்சை மாற்றிவிட்டோம். சேர் திருநீறு பூசுகிறவர் என்பது ஒன்றே அவனுக்குப் போதும், ஒரு மாதத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். ஆனால் எனக்குப் பயம் லோரன்ஸ் இல்லை. சேர் மனைவியைப் புதைத்து ஐந்து வருஷம் ஆகிறது. அவர் மனதில் இடம் இருக்கிறதா, மூடிவிட்டாரா, யாருக்குத் தெரியும்? நான் சொல்லி, அவர் மரியாதையாக "அப்படி நெனைக்கல மார்ஜரி" என்று சொன்னால்? பிறகு அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

போகிறவரின் முகத்தை எதற்குப் பார்க்கப் போகிறேன் என்பதும் உண்மைதான்.

பெப்ரவரி 19, புதன்

சேர் இன்று கடைக்கு வரவில்லை. மழை.

பெப்ரவரி 22, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. இரத்தோட்டையிலிருந்தும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். டீவி திருத்துகிற பஸ்லிதான் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சேர் சொல்லி முடித்த பிறகும் இராமசாமி வைக்கோலைக் கிளறிக்கொண்டே இருக்கிறான். கதவு திறக்கும் என்று நான் வாசித்து முடிக்கிறேன், கதவு திறக்கவே இல்லை. சேர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னார் — "இராமசாமிக்கு மாடுன்னா உசிரு. மாட்டுக்கும் அவன்னா உசிரு." சனம் சிரித்தது. நான் வாசித்ததையே திரும்ப வாசித்தேன்.

பஸ்லி செய்த வேலை என்று பிறகுதான் தெரிந்தது. பழைய படத்தை இந்தக் கால வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று, நல்லெண்ணத்தில், அதன் உண்மையான வேகத்துக்குக் குறைத்திருக்கிறான். எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் பழகியதோ லெப்டொப்பில் குடுகுடுவென்று ஓடின படத்துக்கு.

பிறகு படலை வந்தது. சேர் தன் வசனத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். இராமசாமி போகவில்லை. நிற்கிறான். சேரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. திரை முழுக்கச் சுந்தரம்மாவின் முகம். வாய் அசைகிறது. அசைந்துகொண்டே இருக்கிறது. மண்டபமே அவள் என்ன சொல்கிறாள் என்று காத்திருக்கிறது, சேர் என்னைப் பார்க்கிறார், நான் வாசிக்க வேண்டும், வாசிக்கத்தான் வேண்டும் —

கையை எடுத்துவிட்டேன்.

"போகாதீங்க" என்றேன். மைக் இல்லை. இருந்தும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "நான் ஒரு நாளும் ஒங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். போகாதீங்க."

திரையில் இராமசாமி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"அட பாவி! இம்புட்டுச் சொல்லியும் போறான் பாரு!" என்று ஒரு அம்மா கத்தினார். கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டு மீதிப் படத்தை எப்படி வாசித்தேனோ, மாதாவுக்குத்தான் தெரியும்.

சொல்லிவிட்டேன். கடவுளே, சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

காலையில் போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"மார்ஜரி, பெரிய ஆள் நீங்க! நான் முழிச்சிக்கிட்டு நின்னப்ப எப்படிச் சமாளிச்சிட்டீங்க! நம்மட படம் தப்பிச்சதே ஒங்களாலதான்."

சமாளிச்சேனாம். சமாளிச்சேன்! என் உசிரக் கொண்டுபோய் அத்தன பேருக்கு முன்னால வச்சிருக்கேன், இந்த மனுசனுக்கு அது சமாளிப்பு. கணக்கு வாத்தியாருக்கு வேற என்ன தெரியும்? கோபத்தில் இரண்டு பிளேட்டை உடைக்கப் பார்த்தேன். கெத்தரின் பிடுங்கி வைத்துவிட்டாள்.

மார்ச் 1, சனி

இரத்தோட்டையிலிருந்து கேட்டிருக்கிறார்களாம், அங்கேயும் படம் போட வேண்டுமாம், அடுத்த சனி. சேர் பாமசிக்கே வந்து சொன்னார், முகமெல்லாம் சிரிப்பு. "அந்தப் 'போகாதீங்க' மட்டும் மறக்காம சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

"சொல்ல மாட்டேன் சேர்."

"ஏன்?"

"வாசிக்கிறேன். அத மட்டும் சொல்ல மாட்டேன்."

"அது இல்லாம அந்த எடம் நிக்காது மார்ஜரி."

"அது படத்துக்குச் சொன்னதில்ல சேர்."

என் வாயிலிருந்து வந்துவிட்டது. இருமல் சிரப்புக்கு ஒரு மனுசி காத்துக்கொண்டிருந்தார். முதலாளி புஹாரி நானா அலமாரித் தட்டில் மருந்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் அடுக்குவதை நிறுத்திவிட்டார். சேரின் சிரிப்பு மெல்லப் போயிற்று. அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

"புள்ள, அந்த மனுசிக்குச் சிரப்பக் குடுங்க" என்றார் நானா, ரொம்ப மெதுவாக.

மார்ச் 5, சாம்பல் புதன்

தவக்காலத்துக்கு எல்லாரும் இறைச்சியை விடுகிறார்கள். நான் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதை விடப் போகிறேன்.

மார்ச் 6, வியாழன்

விடவில்லை. அவரிடமிருந்து போனும் வரவில்லை.

மார்ச் 8, சனி

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கெத்தரின் சாரியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டாள். "வாசிக்கிறேன்னு சொன்னீங்கதானே? வாசிச்சிட்டு வாங்க."

சேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அவ்வளவுதான். பஸ்லி இந்தத் தடவை வேகத்தைப் பத்துத் தரம் கேட்டுவிட்டான்.

படலை வந்தது. சுந்தரம்மாவின் வாய் அசைந்தது. நான் வாசித்தேன், வேறொன்றும் இல்லை. முதல் தடவை மாத்தளையில் பார்த்தவர்கள் "சொல்லு, சொல்லு" என்று முணுமுணுத்தார்கள். சேரும் சும்மா நின்றார். இராமசாமி தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

அப்போதுதான் சேர் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "இவன் போறான்னு நெனைக்காதீங்க. நான் வரலைன்னு கப்பல்காரன்கிட்டச் சொல்லப் போறான்."

எனக்குக் கட்டை தப்பியது. சனத்துக்குச் சந்தோஷம். ஆனால் அடுத்த காட்சியில் இராமசாமி கப்பலில் நிற்கிறானே! "அது யாரு சேர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"அது இராமசாமிட அண்ணன். பாக்க ஒரே மாதிரித்தான் இருப்பாரு."

மண்டபம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு படம் எங்கே போயிற்று என்று கேட்கக்கூடாது. மில்காரன் சுந்தரம்மாவுடன் வந்தபோது, "இதுதான் இராமசாமி, கல்யாணத்துக்கு மீசைய எடுத்துட்டான்" என்றார். தாடிக்காரன் திரும்பி வந்தபோது, அந்த அண்ணன் தன் தம்பியின் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறாராம். அழ வேண்டிய படம். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர் மட்டும் சிரிக்கவில்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது.

பஸ்லி சாமான்களோடு த்ரீவீலில் போய்விட்டான். சாமான்களை மண்டபத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்று சேரும் மாத்தளைக்கு வந்தார், நாங்கள் பஸ்ஸில். நெரிசலில் அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. இறங்கியபோது, "கை வலிக்குதா?" என்றார்.

"இல்ல சேர்."

மார்ச் 9, ஞாயிறு

அது படத்துக்குச் சொன்னதா?

கேட்கலாம். போன் கையில்தான் இருக்கிறது. போன கிழமை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாவம், எனக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்று அந்த இடத்தை ஒரு சிரிப்புப் பகிடியாக்கிச் சமாளித்தாரோ? அவருக்கு இரக்கம் அதிகம். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். அவர்தான் வேண்டும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

கடைக்கு யார் ஏறினாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். நானா நோன்போடு உட்கார்ந்துகொண்டு, "மருந்த மாத்திக் குடுத்துறாதீங்க புள்ள" என்கிறார்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து கீபோர்ட்டை மூடித் திரும்பினால் கடைசி வாங்கில் சேர். நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது.

"கொழும்புக்குப் போயிட்டு வந்தேன். வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்குத்தான் இவ்வளவு நாள் இழுத்துருச்சி."

"எனக்குச் சொல்லவே இல்லயே!"

"இரத்தோட்டையில அத்தன பேருக்கு முன்னாலயும் சொன்னேனே."

"நான் அது படத்துக்குன்னு நெனச்சேன்."

"நானும் ஒரு கிழம அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கெத்தரின் கருவாடு பொரித்தாள், எனக்குப் பின்னால் வந்து இடுப்பில் கிள்ளினாள். லோரன்ஸ் வந்தவரைப் பார்த்தான், திருநீற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாப்பிட்டு முடியும் வரைக்கும் கருவாட்டு முள்ளையே எடுத்துக்கொண்டிருந்தான். சேர் கை கழுவிவிட்டு எழுந்து, "அப்ப நான் வர்றேன்" என்றார்.

லோரன்ஸ் தட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "இப்ப போனா இரத்தோட்டை பஸ் இல்ல. நாலு மணிக்குத்தான். அது வரைக்கும் இருங்க."

"இருக்கேன்" என்றார்.