கொக்குக்கு முன்னால ஒரு கை

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடாததுக்கு மன்னிச்சிடுங்க. நான் நல்லா இருக்கேன். சாப்பிடறேன், வேலைக்குப் போறேன். தராசு, அழுத்தமானி எல்லாம் வழக்கம்போல வருது. சோதிச்சு சீட்டு ஒட்டி அனுப்பறேன். கை பாட்டுக்கு வேலை செய்யுது.

கல்யாணப் படம் வேண்டாம் தம்பி, அதுல என் தங்கச்சி பொம்மை மாதிரி நிக்கிறா, அவ அவளா இருக்கற படம் ஒண்ணு அனுப்பு, பெரிசாக்கி மாட்டணும்னு எழுதியிருந்தீங்க. அப்படி ஒண்ணு இருக்கு. தலைவலின்னு படுத்தவ எழுந்திருக்காமலே போனாளே, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில என் கேமராவுல நான் எடுத்தது. மர நிழல்ல மீன்கொத்திக்கு வச்ச வெளிச்ச அளவை மாத்தாம, நேர் வெயில்ல நின்னவளை எடுத்துட்டேன். முகம் இருக்க வேண்டிய இடத்துல வெறும் வெள்ளை. இருட்டா விழுந்ததைக் கம்ப்யூட்டர்ல ஓரளவு மீட்கலாம். வெளுத்துப் போனதுல மீட்க ஒண்ணுமே இருக்காது. பத்து நாளா முயற்சி பண்ணிட்டேன்.

அவ சொன்னா அக்கா. கையைப் பாத்துட்டு எடுங்க எஞ்சினியர் சார்னு. நீ என்ன கொக்கான்னு கேட்டேன். அதுக்குச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தேன்.

அவ பழக்கம் அது. பறவை மேல விழற அதே வெயில்ல உள்ளங்கையை நீட்டி முதல்ல ஒரு படம் எடுப்பா. அதை வச்சு வெளிச்சத்தை அளந்துட்டு, வெள்ளைப் பறவைன்னா இன்னும் கொஞ்சம் குறைப்பா. நான் எடுத்ததைப் பாத்து, இது கொக்கா, சுண்ணாம்பு அடிச்ச சுவரான்னு ஒருதடவை மானத்தை வாங்கினா.

ரெண்டு பேர் கேமரா கார்டையும் சுத்தம் பண்றது என் பொறுப்பு. ஆறு வருஷமா அந்தக் கைப் படத்தையெல்லாம் இடத்தை அடைக்குதுன்னு அழிச்சேன். முந்நூறாவது இருக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமை அவ கேமராவுல இருந்த கார்டை நேத்துதான் திறந்தேன். முதல் படம் கை. கட்டைவிரல் கிட்ட கத்தி பட்ட தழும்பு, ரேகைக்குள்ள ரேகை, மோதிரம் அழுத்தின தடம். எங்கயும் வெளுக்கலை.

அடுத்தது கொக்கு. சுத்தி ஒரே இருட்டு, படம் பாழ்னு நினைச்சேன். பெரிசாக்கினா, அக்கா, வெள்ளைக்குள்ள எத்தனை வெள்ளை! பால் மாதிரி, சாம்பல் மாதிரி, இறகோட ஓரத்துல வெயில் ஊடுருவின இடம் தேன் மாதிரி. இழை இழையா எண்ணலாம். நெஞ்சுல ஒரு சொட்டுத் தண்ணி, அதுக்குள்ள மொத்த ஏரி. கண்ணே கூசற அந்த வெயில்ல ஒரு இழையைக்கூட அவ கோட்டை விடலை. வாயைப் பொளந்து உக்காந்திருந்தேன். அளக்கறது என் தொழில்னு இவ்ளோ நாள் பேசிட்டு இருந்திருக்கேன்.

முகம் என்கிட்ட இல்லை அக்கா. கையை அனுப்பறேன், கொக்கையும். மாட்டறதா இருந்தா கையை மாட்டுங்க.

ஒரு உதவி. அவ உங்களுக்குப் படத்தை அள்ளி அள்ளி அனுப்புவாளே, அவசரத்துல கையும் சேர்ந்து வந்திருக்கும். என்னடி இது, எனக்கு எதுக்குடி உன் கைன்னு நீங்க திட்டினதைச் சொல்லிச் சிரிச்சிருக்கா. பழைய போன்ல தேடிப் பாருங்க. ஆடியிருந்தாலும் பரவாயில்லை, பாதி விரல்தான் இருந்தாலும் பரவாயில்லை. எதையும் அழிச்சிடாதீங்க.

உடம்பைப் பாத்துக்குங்க.

என்னிக்கும்
உங்க தங்கச்சி வீட்டுக்காரன்