காதுவலிக்கு எத்தனை கிலோ?

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் சௌக்கியம், நான் கொஞ்சம் அதிகப்படியாகவே சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் காதுவலி என்று டாக்டரிடம் போனேனா, என்னைக் கூப்பிட்டதும் எழுந்தேன், கைப்பிடி வைத்த நாற்காலியும் கூடவே எழுந்தது. நர்ஸ் ஒரு பக்கம், இருமிக்கொண்டிருந்த பெரியவர் மறுபக்கம் பிடித்து இழுத்தார்கள். உன் அப்பா என்னை யாரென்றே தெரியாதவர் போலச் சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே போனால் டாக்டர் காதைப் பார்க்கவே இல்லை, "முதல்ல வாயைக் கட்டுங்கம்மா, வெயிட்டைக் குறைங்க" என்றார். "காதுவலிக்கு எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டைப் பொத்தானே தெறிக்கத் தயாராக இருந்தது, அதைச் சொல்லாமல் வந்தேனே, அந்த அளவுக்கு எனக்கும் வாய்க்கட்டு உண்டு.

வீட்டுக்கு வந்து அழுதேன், அப்புறம் ரோஷம் வந்தது. ஸ்டுடியோவுக்கு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, கைக்குழந்தையைப் படமெடுக்கக் குனிந்து உட்கார்ந்தால் எழ முடியாமல், குழந்தை வந்தாலே எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுகிறேன். கடையை மூடிவிடு என்கிறார் உன் அப்பா. "மூச்சை இழுத்துப் பிடிங்க, தொப்பை தெரியாது" என்று ஊரையே அழகாக்கியவள், கடையை மூடுவேனா? எடைக்கும் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் காதைத்தான் பார்த்தார். அப்புறம் எத்தனை தடவை இளைத்தேன், எத்தனை தடவை திரும்ப ஏறியது என்று பொறுமையாகக் கேட்டார். நான்தான் அசடு, "எல்லாம் என் நாக்கு பண்ற வேலை டாக்டர்" என்று எனக்கெதிராக நானே சாட்சி சொன்னேன். "பார்வை மங்கினா கண்ணாடி போடுவீங்களா, கண்ணைத் திட்டுவீங்களா? இதுவும் வியாதிதாம்மா, வைத்தியம் இருக்கு" என்றார். வாரம் ஒரு ஊசி, சாப்பாட்டு முறை, நடை. உன் அப்பாவோ "ஊசி போட்டு இளைக்கிறது பிட் அடிச்சுப் பாஸாகிற மாதிரி. என்னை மாதிரி அளவாச் சாப்பிடத் தெரியணும்" என்கிறார். பாஸானால் போதும் என்று சொல்லிவிட்டேன். முதல் ஊசி போட்டாயிற்று, வயிற்றைப் புரட்டுகிறது, விடுவதாக இல்லை. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறும்வரை ஓயமாட்டேன்.

நீயும் அவரோடு சேர்ந்துகொண்டு டயட் வீடியோ அனுப்பாதே. குனிந்தே கம்ப்யூட்டரைப் பார்க்காதே, காலை டிபனை விடாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நூறு வயது இரு.

உன் மேல் உயிரான,
அம்மா

பி.கு.: துணைக்கு வந்தாரே என்று டாக்டரம்மா உன் அப்பாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லை. அவருக்கு இருக்கிறது.