பஸ்ஸில் வந்த தூக்கம்

செவ்வாய், இரவு.

தூக்கம் வர மகள் வாங்கித் தந்த மெலடோனின் ஒரு மாதமாகியும் கேட்கவில்லை. இன்று கிளினிக்கில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பழகிவிடுமோ என்று பயம்.

"கடைசியா எப்போ நல்லா தூங்குனீங்க, ஆன்ட்டி?" என்று டாக்டர் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. வேலைக்குப் போன காலத்தில், பாயான் பாரு தொழிற்சாலை பஸ்ஸில்தான். வேலை முடிந்து கடல் பாலம் தாண்டி எங்கள் ஊர் பாகான் டாலாம் வரும்வரை, கூட வேலை பார்த்த லெட்சுமியின் தோளில் சாய்ந்து தூங்குவேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். சிரித்தாள். "நீ முழிச்சிடக் கூடாதுன்னு அசையாம உட்காந்திருப்பேன்டி. தோள் மரத்துப் போகும் லா."

இத்தனை வருஷமாக எனக்கு அது தெரியாது.

அவளுக்கும் இப்போது தூக்கமில்லையாம். "சனிக்கிழமை வர்றேன், ரெண்டு பேருக்கும் பாய் போட்டு வை" என்றாள். அதுவரை மாத்திரையைப் பிரிக்கப் போவதில்லை.